துடைக்காத கார்

சனிக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு, அப்படியே பின்பக்க மனையை ஒரு பார்வை பார்த்து வரலாம் என்று போன பவுல்சாமி, போன சூட்டோடு திரும்பி ஓடி வந்தார். என்ன என்று கேட்ட மனைவி ஐவிக்குப் பதில் சொல்ல அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மண்ணின் தரம் பார்க்கத் தோண்டிய குழியில், முழங்கால் அளவுத் தண்ணீரில், ராஜகோபாலன் குப்புறக் கிடந்தார்.

ஏழு மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் டெல்பின் மந்தைவெளி வந்துவிட்டாள். கூடவே ஹெட் கான்ஸ்டபிள் தேவானை. ரெண்டு தெரு கூடும் மூலையில் இருந்தது மனை. சுற்றிலும் ஆளுயரச் சுவர், தெருப்பக்கம் தகரக் கேட்டு. உள்ளே மோட்டாருக்கு இன்னொரு சுவிட்ச் உள்ள ஒரு கொட்டகை, ஓர் ஆழ்துளைக் கிணறு, அந்தக் குழி, வெயில் படும்படி நிறுத்திய ஒரு கறுப்புக் கார். பவுல்சாமியின் வீடு மனையை ஒட்டி இருந்தது. நடுவே ஒரு சின்னக் கதவு, அதற்குத் தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம்.

"யார் இவர்?"

"ராஜகோபாலன் சார், மேடம். மயிலாப்பூர். பெட்ரோல் பங்க்கு, குடோன் இதுக்கெல்லாம் எடம் பாத்துச் சொல்றவரு. இங்க மெஷின்லயே கார் கழுவுற கடை வருதுன்னு ஒரு மாசமா வந்துட்டிருந்தாரு. அதோ, அந்த மூலையில ஸ்டூல் போட்டு ஒக்காந்து போற வர்ற வண்டிய எண்ணுவாரு."

"கடை யாரோடது?"

"திருவல்லிக்கேணி தௌசீஃப் பாய். என்கிட்ட இந்த மனைய வாங்கறதா அக்ரிமென்ட் போட்டிருக்காரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தம்பி ஃபராஸ்."

ஐவி எல்லாருக்கும் டீ கொண்டு வந்து நீட்டினாள். "எப்படி இருக்கோ தெரியல மேடம்," என்று தயங்கினாள். டெல்பின் நின்றபடியே குடித்தாள். சூடும் இனிப்பும் அளவாக இருந்தன. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்த வயிற்றுக்கு அது தேவைப்பட்டது.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு ராஜகோபாலன் காரில் வந்திருக்கிறார். பவுல்சாமிதான் தன் சாவியால் கேட்டைத் திறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்காக நாலரைக்குப் புருஷனும் பெண்சாதியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சாந்தோம் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. சார் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், தௌசீஃப் பாய் வந்து பூட்டியிருப்பார் என்று இவர்களும் படுத்துவிட்டார்கள்.

டெல்பின் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பழைய பித்தளைப் பூட்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ரகமில்லை. திறக்கவும் சாவி வேண்டும், பூட்டவும் சாவி வேண்டும்.

"உங்க சாவி?"

"என்னோடவே கோயிலுக்கு வந்துச்சு மேடம். இன்னொண்ணு தௌசீஃப் பாய்கிட்ட."

"அவருக்கும் சாருக்கும் ஏதாவது தகராறா?"

பவுல்சாமி ஐவியைப் பார்த்தார். ஐவி தரையைப் பார்த்தாள். பிறகு அவரே சொன்னார். புதன்கிழமை காலையில் தண்ணீர் பார்த்தார்கள். ஃபராஸ் மோட்டாரைப் போட்டு ஒரு பக்கெட் நிரம்பியதும் நிறுத்தினான். ராஜகோபாலன் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினார். ஒரே உப்பு. அண்ணன் தம்பி இருவருக்கும் ரம்ஜான் நோன்பு என்பதால் வாயில் வைக்கவில்லை. பவுல்சாமி வைத்துப் பார்த்தார், அவருக்கும் குமட்டியது. "முப்பது வருஷமா நாங்க குடிக்கிற தண்ணி மேடம். இப்படி ஆனதே இல்ல," என்றார். இந்தத் தண்ணீரில் கழுவினால் கார் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும், இடம் தேறாது என்று ராஜகோபாலன் கையை விரித்தார். அதுவரை சாதுவாக நின்ற தௌசீஃப் கத்தினான். "இந்த எடம் வேணாம்னு நீங்க சொன்னா, நானும் உயிரோட இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க!"

தெருவே கேட்டிருக்கிறது.

"முடிஞ்சுது போ," என்றாள் தேவானை. "வாயால கெட்டுக்கினாரு."

டெல்பின் குழியின் பக்கம் போனாள். பிணத்தின் நெற்றியில் கல் பட்ட காயம் இருந்தது. குழிக்குள் உடைந்த செங்கல் கிடந்தது. மார்ச் மாதம், பொங்கலுக்குப் பிறகு ஒரு தூறல்கூடக் கிடையாது. ஆனாலும் குழியில் தண்ணீர் நின்றது. கிணற்றுப் பக்கமிருந்து குழிவரைக்கும் மண் சேறாகி, நடந்தால் செருப்பு ஒட்டிக்கொண்டது. காரின் கூரையில் செம்மண் தூசு படிந்திருந்தது. முன்பக்க பானெட்டில் மட்டும் தூசு இல்லை. அதிலும் இடது பாதியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வலது பாதி கறுப்புக் கண்ணாடியாக மின்னியது.

"அந்தப் பாதிய தொடச்சிருப்பாரு மேடம்," என்றாள் தேவானை.

இருக்கலாம். காருக்குள் தேடிப் பார்த்தாள். மோர் இருந்த ஃபிளாஸ்க், ஒரு மடக்கு ஸ்டூல், குடை. துணி எதுவும் அகப்படவில்லை.

தௌசீஃப் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. திருவல்லிக்கேணியில் தன் கடை வாசலில் நின்றவனைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பதைத் தொடாத வயது, களைத்த முகம்.

"மனை சாவி?"

அவன் எடுத்துக் கொடுத்தான். சாவியில் பச்சை நைலான் கயிறு, ஒரு சாண் நீளத்துக்கு வளையமாக முடிந்திருந்தது.

"நேத்து முழுக்க இது யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்ட."

"வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"பீச்ல."

"யாரோட?"

"தனியா. மனசு சரியில்ல. அங்கயே தண்ணி குடிச்சு நோன்பு திறந்தேன்."

"ராஜகோபாலன் உங்களுக்கு ஃபோன் பண்ணினதா கால் லிஸ்ட்ல இருக்கே?"

"கோவத்துல எடுக்கல."

"அவரைக் கொன்னது நீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப யாரு?"

தௌசீஃப் மேஜை மேல் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் செய்தவன் முகம் டெல்பினுக்குத் தெரியும். செய்யாதவன் முகமும் தெரியும். இது இரண்டிலும் சேரவில்லை. ஏதோ ஒரு கனமான சாமானை யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் தூக்கிக்கொண்டு நிற்பவன் மாதிரி இருந்தான்.

உதவி கமிஷனர் ஃபோனில் வந்தார். "சாவி அவன்கிட்ட. மிரட்டினது அவன். எங்க இருந்தான்னு சொல்ல சாட்சி இல்ல. இன்னும் என்னம்மா யோசனை? சாயங்காலத்துக்குள்ள சைதாப்பேட்டையில மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்து. திங்கக்கிழமை பேப்பர்ல நம்மள கிழிக்கிறதுக்குள்ள வேலைய முடி."

மேலிடத்துக்கு எப்போதும் ஒரு முகம் வேண்டும். அது காலை பத்து மணிக்கே கிடைத்துவிட்டதில் அவருக்குத் திருப்தி. டெல்பினுக்குத்தான் நெஞ்சில் முள் மாதிரி ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சைதாப்பேட்டைக்கு ஒருவனை அனுப்புவது சுலபம். அங்கிருந்து திரும்பி வர அவனுக்கு வருஷங்கள் ஆகும். அதற்குள் கடை போய், குடும்பம் சிதறி, அவன் குற்றவாளியா இல்லையா என்பதே யாருக்கும் நினைவில்லாமல் போய்விடும்.

மதியம் மயிலாப்பூரில், ராஜகோபாலனின் மகள் வர்ஷினி அழுது வீங்கிய கண்ணோடு கதவைத் திறந்தாள். உள்ளே உறவுக் கூட்டம். வாசலிலேயே நின்று பேசினார்கள்.

"பானெட்ல புள்ளியா? அது அப்பா பண்ற வேலைதான். எந்த எடத்துக்குப் போனாலும் அந்தத் தண்ணிய மொண்டுண்டு வந்து கார் மேல விட்டு, வெய்யில்ல காய விடுவா. கறுப்புக் கார் வாங்கினதே அதுக்குத்தான். லேப்ல குடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்பா. உப்பு இருந்தா புள்ளி விழும்."

"காஞ்சப்புறம் துடைச்சிடுவாரா?"

"ஐயோ, துணிய கிட்டக்கவே கொண்டு போக விடமாட்டா! நான் ஒருதரம் ஆத்துக்கு வந்த வண்டியத் தொடச்சுட்டேன்னு ரெண்டு நாள் பேசவே இல்ல." சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். "யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல மேடம். வெள்ளிக்கிழமை கெளம்பறச்சே, 'ஒரு பக்கெட்ட வெச்சுண்டு நான் சொன்னது தப்பும்மா, அந்தப் பையன் முகம் கண்ணுலயே நிக்கறது'ன்னார். அதுக்காகத்தான் திரும்பப் போனார்."

டெல்பின் அவள் கையைப் பிடித்துவிட்டு இறங்கினாள்.

ஜாம்பஜாருக்குப் பின்னால் குறுகலான தெருவில் இருந்தது தௌசீஃபின் கடை. மாடியில் வீடு, கீழே கடை. ஓரமாக நாலு டிரம்மில் தண்ணீர், பக்கத்தில் பக்கெட்டுகள். இரண்டு பேர் ஒரு வாடகைக் காரைக் கையால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனை ஸ்டேஷனில் வைத்திருக்கும்போதுகூட வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப ஃபராஸுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. மூத்தவனைவிடப் பத்து வயது இளையவன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மோட்டார் இல்லியா இங்க?" என்று கேட்டாள் தேவானை.

"கீது. காலையில கொஞ்ச நேரம் போட்டு டிரம்ம ரொப்பிக்கிவோம். நாள் பூரா அதான்."

சுவரோரம் வெள்ளை மூட்டைகள் அடுக்கியிருந்தன. டெல்பின் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவனே சொன்னான். "உப்பு மேடம். இங்கத்தி தண்ணி நொர வராது. அந்த ஃபில்டர் டேங்க உப்பு போட்டு கழுவி வெச்சு, அது வழியா விட்டாதான் சோப்பு நொரைக்கும்."

"நேத்து சாயங்காலம் ராஜகோபாலன் உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்காரு. முதல்ல உங்க அண்ணனுக்கு. அவர் எடுக்கல. அப்புறம் அஞ்சே முக்காலுக்கு உங்களுக்கு."

"ஆமா மேடம்." தயக்கமில்லாமல் வந்தது பதில். "தண்ணி உப்புதான், எடம் தேறாது, உங்க அண்ணன்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடுன்னாரு. நான் சரின்னேன்."

"அப்புறம்?"

"கடைய மூடிட்டு பள்ளிவாசல் போனேன். நோன்பு தொறந்தேன்."

ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. டெல்பின் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக ஆணிகள் அடித்திருந்தன. கடைச் சாவி, மாடிச் சாவி, டேங்க் அறைச் சாவி, எல்லாம் பச்சைக் கயிற்றில் தொங்கின. ஒரு ஆணி மட்டும் காலியாக இருந்தது.

"மந்தைவெளிக்குப் போறதுல உங்களுக்குச் சந்தோஷமா?"

ஃபராஸ் கீழே குனிந்து பக்கெட்டைத் தள்ளி வைத்தான். "நல்ல எடம்தான். மூலை மனை. வண்டி லெஃப்ட்ல திரும்பினா நேரா உள்ள. பத்து வண்டி வரிசையில நின்னாலும் ரோட்டுக்கு வராது. சுத்தி எல்லாம் ஃபிளாட்டு, கார் கழுவத் தண்ணி விடமாட்டான். ஓடும்." பிறகு மெதுவாக, "அதுக்கு இந்த வீட்ட விக்கணும். அதான் கஷ்டமா கீது. அத்தா மௌத் ஆகி கண்ண மூடினது இந்த வீட்லதான். அம்மீய கூட்டிக்கினு எங்க போறது?" என்றான்.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர்கள் அம்மா அன்வரி பேகம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பெரியவன எப்ப விடுவீங்கம்மா?"

"பாக்கறோம்மா," என்றாள் டெல்பின். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு மறுபடி மந்தைவெளி. கார் அங்கேயே நின்றது. டெல்பின் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துடைக்காத கார். தூசு போன பானெட். இடது பாதியில் புள்ளி, வலது பாதியில் சுத்தம். தண்ணீர் படாத இடத்தில் தூசு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வலது பாதியிலும் தண்ணீர் விட்டிருக்கிறார். அப்படியானால் புள்ளி எங்கே?

"இந்த மனையில வேற தண்ணி எதாவது இருக்கா? கேன், லாரித் தண்ணி?"

"ஒண்ணுமில்ல மேடம். இந்தக் கிணறு ஒண்ணுதான். இதான் எங்க வீட்டுக்கும் வருது," என்றார் பவுல்சாமி.

ஐவி மறுபடியும் டீயோடு வந்தாள். நல்ல பெண்மணி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. டெல்பின் ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்கு உயர்த்திய டம்ளர் பாதியிலேயே நின்றது.

"இது என்ன தண்ணியில போட்டீங்க?"

"போர் தண்ணிதான் மேடம்." ஐவி பயந்துவிட்டாள். "புதன்கிழமை காலையில போட்ட டீய அப்படியே சாக்கடையில ஊத்தினேன், அவ்வளவு உப்பு. ரெண்டு நாள் மோட்டாரே போடாம கேன் வாங்கி ஓட்டினோம். இன்னிக்கு குளிக்கறதுக்காகத்தான் இவரு மோட்டார் போட்டாரு. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. போலீஸ்காரங்க இத்தன பேரு நிக்கிறீங்க, கேன் தண்ணியும் காலி. பயந்துகிட்டேதான் இதுல போட்டேன். நல்லா இருந்துச்சு. ஏன் மேடம், நல்லால்லியா?"

"நல்லா இருக்குங்க," என்றாள் டெல்பின். "ரொம்ப நல்லா இருக்கு."

தேவானை நெற்றியைச் சுருக்கினாள். "இன்னா மேடம் இது? தண்ணி நல்லா கீதுன்னா, பெரியவரு எதுக்கு எடம் தேறாதுன்னாரு? அதுதான கேஸே!"

"அதேதான் தேவானை. ஃபராஸை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க."

ஐந்தரை மணிக்கு டெல்பினின் அறையில் அவளைத் தவிர நாலு பேர். மேஜைக்கு எதிரே தௌசீஃப். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஃபராஸ். சுவரோரம் பவுல்சாமி, கதவருகே தேவானை. வெளியே சைதாப்பேட்டைக்குப் போக வேன் தயாராக நின்றது.

"காலையிலிருந்து நாங்க எல்லாரும் ஒரே விஷயத்தை நம்பிட்டு இருந்தோம்," என்று ஆரம்பித்தாள் டெல்பின். "தண்ணி உப்பு. அதனால ராஜகோபாலன் சார் இடம் வேண்டாம்னார். அதனால தௌசீஃப் கொன்னுட்டார். ஆனா அந்தத் தண்ணியில போட்ட டீய காலையில ஏழு மணிக்கே நான் குடிச்சேன். உப்புக் கரிக்கல. குடிச்சது நான், கவனிக்காததும் நான்."

தௌசீஃப் நிமிர்ந்து பார்த்தான்.

"சார் மனசு கேக்காம வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். வந்ததும் மோட்டாரைப் போட்டார். முதல்ல வந்த தண்ணிய பானெட்டோட இடது பாதியில விட்டார். காஞ்சதும் புள்ளி விழுந்துச்சு. மோட்டாரை நிறுத்தல. மெஷினுக்கு நாள் பூரா தண்ணி வேணும், கிணறு தாங்குமான்னு மணிக்கணக்கா ஓட்டிப் பாக்கறது அவர் தொழில். அந்தத் தண்ணிதான் மழையில்லாத மார்ச்சுல குழியில நின்னுச்சு. சாயங்காலம் மறுபடி ஒரு பக்கெட் எடுத்துட்டு மோட்டாரை நிறுத்தி, அதை வலது பாதியில விட்டார். அது புள்ளியே இல்லாம காஞ்சுது. ஒரே கிணறு, ஒரே குழாய். நிலத்தடி உப்பா இருந்தா எத்தன மணி நேரம் ஓட்டினாலும் உப்புதான் வரும். ஓட்ட ஓட்ட நல்ல தண்ணி வந்துச்சுன்னா, உப்பு நிலத்துல இல்ல. யாரோ மேலேருந்து கொட்டியிருக்காங்க."

"ஆண்டவரே! எங்க கிணத்துலயா?" என்றார் பவுல்சாமி.

"உங்களையும் யோசிச்சேன், பவுல்சாமி சார். அக்ரிமென்ட்லேருந்து கழண்டுக்க நீங்களே செஞ்சிருக்கலாம். ஆனா உங்க வீட்டு அடுப்புக்குப் போற தண்ணியில நீங்களே உப்பைக் கொட்டிட்டு, உங்க மனைவி போட்ட டீய சாக்கடையில ஊத்த விட மாட்டீங்க. தௌசீஃப் இந்த இடத்துக்காக உயிரையே விடறேன்னவர். அவர் கொட்டுவாரா? இந்த இடம் தேறக்கூடாதுன்னு நினைச்ச ஒருத்தர்தான் கொட்டியிருக்கணும். மூட்டை மூட்டையா உப்பு கையில இருக்கறவர். தண்ணின்னா ஒரு டிரம், ஒரு பக்கெட்னு பழகினவர். முதல் பக்கெட் உப்பா இருந்தா போதும், அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சவர். புதன்கிழமை அந்த ஒரு பக்கெட் நிரம்பினதும் மோட்டாரை நிறுத்தினது யாரு?"

பவுல்சாமியின் பார்வை ஃபராஸ் பக்கம் திரும்பியது.

"ஃபராஸ், அஞ்சே முக்காலுக்கு சார் உங்ககிட்ட இடம் தேறாதுன்னு சொன்னதா சொன்னீங்க. அவர் கண்ணெதிர்ல வலது பாதி புள்ளியில்லாம காஞ்சிட்டு இருந்த நேரம் அது. தண்ணி நல்லா இருக்குன்னு தெரிஞ்ச மனுஷன் தண்ணி உப்புன்னு எதுக்குச் சொல்லுவார்? அன்னிக்கு அவர்கிட்ட கடைசியா பேசினது நீங்க. அதுல நீங்க ஒரு பொய் சொன்னீங்க."

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சு," என்றான் தௌசீஃப் திடீரென்று. "மேடம், சாவி எங்கிட்டதான்."

டெல்பின் மேஜையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தாள். "ஒரு சாண் கயித்தோட சட்டைப் பைக்குள்ள யாரும் சாவி வெச்சுக்க மாட்டாங்க. இது ஆணியில தொங்கற சாவி. நேத்து சாயங்காலம் ஆணியில இல்ல. அதை நீங்க கவனிச்சிருக்கணும். காலையில சாவு செய்தி வந்ததும் உங்களுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் அதை எடுத்துப் பையில போட்டீங்க. உங்க தம்பிக்காக."

ஃபராஸ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் கோணிக்கொண்டு போனது.

"உனக்குத் தெரியுமா பாய்ஜான்? காலையிலேர்ந்து தெரிஞ்சேவா இங்க ஒக்காந்துக்கினு கீற?"

தௌசீஃப் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குமேல் ஃபராஸ் எதையும் மறைக்கவில்லை. மனை அளக்க என்று செவ்வாய்க்கிழமை வந்தபோது உப்பைக் கரைத்து ஆழ்துளைக் கிணற்றின் குழாய்க்குள் ஊற்றினான். அதோடு தீர்ந்தது என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை ராஜகோபாலன் ஃபோனில் ஒரே சந்தோஷமாகப் பேசினார். தண்ணீர் கற்கண்டு, எவனோ உப்பைக் கொட்டியிருக்கிறான், உங்கள் அண்ணனிடம் உடனே சொல்ல வேண்டும் என்றார். இவன் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான். கெஞ்சினான். அவருக்கு அப்போதுதான் யார் கொட்டியது என்பது விளங்கியது.

"போலீஸ்ல சொல்றேன்னு சொல்லியிருந்தா பரவால்ல மேடம். பாய்ஜான்கிட்ட சொல்றேன்னாரு. ஃபோன எடுத்தாரு. நான் கையப் புடிச்சேன், அவரு இழுத்தாரு, தள்ளிட்டேன். பக்கத்துல குழி கீதுன்னு நெனப்பே இல்ல. கால் தடுக்கி குப்புற விழுந்தாரு. சத்தமே இல்ல. கேட்ட பூட்டிக்கினு ஓடிட்டேன்." மூச்சு வாங்கினான். "ஒடனே போயிட்டாரா மேடம்?"

பிரேதப் பரிசோதனை முடிவு மதியமே வந்திருந்தது. நுரையீரலில் தண்ணீர். கையைக் கொடுத்துத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார். டெல்பினுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

"இல்ல," என்றாள்.

ஃபராஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பவுல்சாமி சிலுவை போட்டுக்கொண்டார். தௌசீஃப் தம்பியின் முதுகில் கை வைத்தான். அந்தக் கையை எடுக்கச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

வெளியே அன்வரி பேகம் வந்து காத்திருந்தார். நோன்பு திறக்க மகனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். பெரியவனை விடுகிறார்கள் என்று வாசலில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இருவரும் அறையிலிருந்து வெளியே வந்தபோது, சின்னவனின் முழங்கையை தேவானை பிடித்திருப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அம்மீ," என்றான் ஃபராஸ். "வீடு போயிடக் கூடாதுன்னுதான் அம்மீ. உனக்காகத்தான். இவரு உன்ன கேக்காம விக்கிறாருன்னு..."

"என்னைக் கேக்காமயா?" அன்வரி பேகம் ஓரடி முன்னால் வந்தார். "விக்கச் சொன்னதே நான்தானேடா. அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. உங்க அத்தா போன ரூம்ப தெனம் பாத்துக்கிட்டு எத்தன வருஷம் இருப்பேன்? நீ தாங்க மாட்டேன்னு, உன்கிட்ட சொல்லாதேன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். கோவம் வந்தா அவன் மேலயே வரட்டும்னு சொன்னேன்."

ஃபராஸ் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று அந்தப் பார்வை கேட்டது. மற்றவர்களின் பாரத்தைத் தானே சுமந்தால் குடும்பம் நிற்கும் என்று நம்பிய மனிதன் தௌசீஃப்.

தேவானை ஃபராஸை வேனில் ஏற்றினாள். காலையிலிருந்து இன்னொருவனுக்காகக் காத்திருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான்.

"மேடம், கோர்ட் வரைக்கும் நானும் கூட வரலாமா?" என்றான் தௌசீஃப்.

சட்டப்படி இடமில்லை. டெல்பின் வேன் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் படியில் கால் வைத்தபோது அன்வரி பேகம் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கஞ்சித் தூக்கை அவன் கையில் கொடுத்தார்.

"வழியில அவனுக்கு முதல்ல குடு. அப்புறம் நீ குடி. வீட்ட விக்கலேன்னு அவன்கிட்ட சொல்லு. எப்ப வந்தாலும் அது இருக்கும்னு சொல்லு."

தௌசீஃப் சரி என்று தலையாட்டிவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வேன் கிளம்பியது.